லோகேஸ்வரிக்குப் பிடித்தது

உலு லங்காட்
16 பிப்ரவரி 2024

மலர் அப்பாவுக்கு,

தைப்பூசம் முடிந்ததும் பத்து நாள் மௌனப் பயிற்சி என்று சொல்லிவிட்டு வந்தவள் இன்னும் வீடு திரும்பவில்லையே என்று கோபத்தில் இருப்பீர்கள். கோபம் வந்தால் நீங்கள் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுவீர்கள். அது ஐஸ்பெட்டிக்கு மேலே, பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் சாப்பிட்ட பிறகு ஒன்று.

இங்கே கைப்பேசி கிடையாது, கடிதம் எழுதலாம். சனிக்கிழமைதோறும் இந்தத் தியான நிலையத்து வேன் பிரிக்பீல்ட்ஸுக்குப் பூவும் காய்கறியும் வாங்கப் போகும். நாகையா தம்பியின் பூக்கடையில் இதைக் கொடுத்து வைப்பார்கள். பதில் எழுதினால் நீங்களும் அங்கேயே கொடுத்துவிடலாம். வாரம் ஒரு தடவை கிள்ளானிலிருந்து ரயில் ஏறினால் உங்கள் முட்டிக்கும் நல்லது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுந்தது. கால் இருந்தது, தண்ணீர் இருந்தது, குளிர்ச்சி இருந்தது. லோகேஸ்வரி மட்டும் இல்லை. பயமாக இல்லை. அழுகை வந்தது, ஆனால் அது துக்க அழுகை இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, யாரோ வந்து குழாயை அடைத்தார்கள். அதற்குப் பிறகு என் பழைய வாழ்க்கையை நினைத்தால், தூங்கி எழுந்தவள் கனவை நினைத்துப் பார்ப்பது போலத்தான் இருக்கிறது. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அது எனக்கு நடந்தது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

வைகாசி விசாகத்தன்று இங்கே சிலருக்குக் காவி கொடுக்கிறார்கள். நானும் வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். கணவர் தன் கைப்படச் சம்மதம் என்று எழுதிக் கொடுக்காமல் கல்யாணமான பெண்ணுக்குக் காவி கிடையாது என்பது நிலையத்தை நடத்தும் தாயாரின் விதி. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். உடனே எழுத வேண்டாம். யோசித்து எழுதுங்கள்.

ஃப்ரீசரில் இருக்கும் மீனை முதலில் முடித்துவிடுங்கள். கெட்டுப்போகும்.

லோகேஸ்வரி


கிள்ளான்
23 பிப்ரவரி 2024

லோகா,

மீன் முடிந்துவிட்டது. மாத்திரை கிடைத்தது. இரண்டுக்கும் நன்றி. மற்றதற்கு நன்றி இல்லை.

நாகையா உன் கடிதத்தை மல்லிகைச் சரத்தோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தான். ஏதோ காதல் கடிதம் என்று நினைத்தான் போல. அண்ணிக்கு உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஞானம் வந்துவிட்டது என்றேன். "அய்யோ பாவம், எப்பலேர்ந்துண்ணே?" என்றான். மனிதன் உண்மையாகவே வருத்தப்பட்டான்.

நான் போர்ட் கிள்ளானில் முப்பது வருடம் லோரி அனுப்பியவன். லோரி கிளம்பியதா, போய்ச் சேர்ந்ததா, இது இரண்டும்தான் எனக்குத் தெரியும். கிளம்பிய லோரி கனவு என்று எந்த டிரைவரும் என்னிடம் வந்து சொன்னதில்லை. நீ படித்தவளும் இல்லை, நானும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிக் கேட்கிறேன். கனவில் வந்தவனிடம் யாராவது அனுமதி கேட்பார்களா? நான் கனவு என்றால் என் கையெழுத்தும் கனவுதான், நீயே போட்டுக்கொள். நான் நிஜம் என்றால், நிஜமான புருஷனை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நேராகச் சொல். இரண்டில் ஒன்று சொல்.

உன் சமையல் ஆர்டருக்குப் போன் வந்தபடியே இருக்கிறது. நேற்று காப்பாரிலிருந்து ஒருவர் பேசினார். அவருடைய அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைக்கிற படையல் என்றால் லோகா அக்கா கைதான் வேண்டும் என்று அழுகிறார். அக்கா கனவிலிருந்து எழுந்து போய்விட்டார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? வெளியூர் போயிருக்கிறாள் என்று சொன்னேன். உன்னால் நான் பொய் வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

மலர் செராஸிலிருந்து வாராவாரம் வந்து வீட்டைக் கூட்டிவிட்டுப் போகிறாள். அவளுக்கும் வேலை, பிள்ளை என்று ஆயிரம் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சம்மதம் இல்லை. வீட்டுக்கு வா.

சபாபதி


உலு லங்காட்
8 மார்ச் 2024

மலர் அப்பாவுக்கு,

நாகையா தம்பி சொன்னதைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். மௌன நேரம் என்று பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

இரண்டில் ஒன்று சொல்லச் சொன்னீர்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தாயாரிடம் போய்க் கேட்டேன். அவர் அம்பாங்கில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிர்க்கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வராது. "கனவா நெஜமாங்கறத நீ மெதுவா பாத்துக்க. ஒரு மனுசன வாசல்ல நிக்க வச்சுட்டு நீ மட்டும் உள்ள வராத, அவ்ளோதான்" என்றார். கையெழுத்து கேட்பது அதற்காகத்தான்.

இங்கே சொல்லித் தருவதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அரையிருட்டில் ஒரு கயிறு கிடக்கிறது. பாம்பு என்று பயந்து ஓடுகிறோம். விளக்கைக் கொண்டுவந்து பார்த்தால் பாம்பு இல்லை. அது எங்கே போனது என்று கேட்டால், எங்கேயும் போகவில்லை, அது இருந்ததே இல்லை. லோகேஸ்வரி என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தவளும் அப்படித்தான் என்கிறார்கள். அன்று குழாயடியில் நான் பார்த்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

உங்களைக் குறை சொல்லிக்கொண்டு நான் வரவில்லை. நீங்கள் ஒரு நாளும் என் மேல் கை ஓங்கியதில்லை. குடித்துவிட்டு வந்து சத்தம் போட்டதில்லை. என் சமையல் வேலைக்கு எத்தனை வருடம் வேன் ஓட்டியிருக்கிறீர்கள், எத்தனை அண்டா தூக்கியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவருக்கு இதை எழுதுவது எனக்கும் சுலபமாக இல்லை.

இங்கே எனக்கு முற்றம் பெருக்குகிற வேலை. சமையலறை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்றார்கள். மரத்திலிருந்து இலை விழுந்தபடியே இருக்கிறது, நான் பெருக்கியபடியே இருக்கிறேன். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

நீங்கள் தினமும் வெளியில் தாப்பாவ் பொட்டலம் வாங்கித்தான் சாப்பிடுவதாக மலர் எழுதியிருந்தாள். ரசம் வைப்பது பெரிய வித்தை இல்லை. புளியைக் கரைக்கத் தெரிந்தால் போதும்.

மாதக் கடைசி ஞாயிறு வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம். வாருங்கள்.

லோகேஸ்வரி


கிள்ளான்
5 ஏப்ரல் 2024

லோகா,

போன ஞாயிறு உன்னை வந்து பார்த்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அடக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பாம்பு. கயிற்றைப் பாம்பு என்று நினைத்துவிட்டாய், சரி. நானும் அப்படி ஒரு கயிறுதான் என்று வைத்துக்கொள், அந்தக் கயிறு ஞாயிறு தவறாமல் உனக்கு ரொட்டி சானாய் கட்டிக்கொண்டு வந்ததே, அதற்கு உங்கள் தாயார் என்ன சொல்கிறார்?

வெள்ளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்? அந்த டிசம்பரில் கீழ்வீடு முழுக்க இடுப்பளவு தண்ணீர். கேஸ் தோம்பையும் அடுப்பையும் மாடிக்கு ஏற்றச் சொன்னாய். நானும் பக்கத்து வீட்டு அஸ்மானும் ஏற்றினோம். தண்ணீர் வடிகிற வரைக்கும் இந்த வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்கும் கஞ்சி காய்ச்சினாய். வாளியில் கயிறு கட்டி மாடிக்கு மாடி அனுப்பினோம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லோரும் அந்தக் கஞ்சியில்தான் பசியாறினார்கள். இன்றைக்கும் காய்கறிப் பாசாரில் என்னைப் பார்த்தால் உன்னைத்தான் விசாரிக்கிறார்கள். இருந்ததே இல்லாத ஒருத்தி அவ்வளவு கஞ்சி காய்ச்ச முடியுமா?

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கூடத்தில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நீ வெள்ளைச் சேலையில் வந்தாய். மெலிந்திருந்தாய். முகம் தெளிவாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். மலரைப் பற்றிக் கேட்டாய், என் முட்டியைப் பற்றிக் கேட்டாய். சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. நான் வாசலைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் அதைக் கேட்டவள் நீ. சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளிலும் சுவரைப் பார்த்தாவது கேட்பாய். நீ கேட்பாய் கேட்பாய் என்று நானும் உட்கார்ந்திருந்தேன். மணி அடித்துவிட்டார்கள். வெளியே வந்து வேனில் ஏறிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அதுவரைக்கும் நீ ஏதோ கோபத்தில் போயிருக்கிறாய், தீர்ந்ததும் வந்துவிடுவாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

என் தம்பி சுகுமாறன் போலீசில் புகார் கொடுப்போம் என்று குதிக்கிறான். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை தானாகப் போய் முற்றம் பெருக்குகிறாள் என்று போலீசில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனை அடக்கி வைத்திருக்கிறேன். மலர் உன் பக்கம். "அம்மா மொகத்த பாத்தீங்கல்லப்பா, விட்டுடுங்க லா" என்கிறாள். அவளுக்குச் சொல்வது சுலபம். அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. எனக்கு நீதான் இருந்தாய்.

நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை, லோகா. இதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சம்மதம் இல்லை.

சபாபதி


உலு லங்காட்
19 ஏப்ரல் 2024

மலர் அப்பாவுக்கு,

சாப்பிட்டீர்களா என்று நான் கேட்காதது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. அந்தக் கேள்வி வருகிற இடத்தில் அன்று எதுவும் வரவில்லை. உங்களை அது அவ்வளவு வருத்தும் என்று தெரிந்திருந்தால், வராவிட்டாலும் கேட்டிருப்பேன்.

காவி வாங்குவதற்கு முதல் நாள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. அதையும் தெரிந்துகொண்டுதான் நீங்கள் முடிவு சொல்ல வேண்டும். அன்று ஆற்றங்கரையில் அவரவர் தமக்குத்தாமே கருமக்கிரியை செய்துகொள்ள வேண்டும். தன் பெயரைத் தானே சொல்லி, பிண்டம் வைத்து, தண்ணீர் விட்டு, பழையவள் போய்விட்டாள் என்று முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் யாரும் கிடையாது. கடிதமும் கிடையாது. மலர் வந்து கூட்டத்தோடு கூட்டமாக என்னைப் பார்க்கலாம், நீங்களும் பார்க்கலாம். அம்மா என்றோ லோகா என்றோ கூப்பிடக் கூடாது.

நீங்கள் சம்மதிக்காவிட்டால் நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். தாயாரும் அப்படித்தான் செய்யச் சொல்கிறார். விசாகத்துக்கு முந்தின வாரம் வந்து இறங்குவேன். ஆர்டர் எடுப்பேன், சமைப்பேன், உங்கள் மாத்திரையை எடுத்து வைப்பேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிய மாட்டேன். ஒரு நாளும் குத்திக் காட்ட மாட்டேன். என்னால் அது முடியும் என்று உங்களுக்குத் தெரியும். இத்தனை வருடம் செய்ததுதானே.

மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முடிவு முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது, அதைத் தெரியப்படுத்தவே எழுதினேன். எதை எழுதினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இங்கே நல்ல மழை. அங்கும் பெய்தால் பின்வாசல் கால்வாயில் குப்பை சேரவிடாதீர்கள்.

லோகேஸ்வரி


கிள்ளான்
26 ஏப்ரல் 2024

லோகா,

மிரட்டல் இல்லை என்கிறாய். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? நேராகக் காரியம் செய்து வைக்கிற பண்டாரத்தைப் போய்ப் பார்த்தேன். நீ உனக்கே கருமக்கிரியை செய்துகொள்ளப் போகிறாய் என்றால், பதினாறாம் நாள் படையலை வீட்டில் போட வேண்டியவன் நான்தானே. அதையும் முறையாகச் செய்துவிடலாம், என்ன ஆகும் என்று கேட்டேன். உன்னைக் குத்துவதற்காகத்தான் போனேன். ஏற்பாடெல்லாம் முடிந்தது என்று எழுதினால் நீ அழுவாய் என்று எண்ணினேன். பண்டாரம் தலையைச் சொறிந்தார். உயிரோடு இருக்கிறவருக்குத் தன்னால் செய்ய முடியாது, மனசு கேட்கவில்லை என்றால் நீங்களே வீட்டில் ஒரு இலை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். போடுகிறேன் என்று வீராப்பாக வீட்டுக்கு வந்தேன். என்னென்ன சமைக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

லோகா, எனக்கு ஒன்றுகூட எழுத வரவில்லை.

ரொட்டி சானாய் என்று முதலில் எழுதினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் கட்டிக்கொண்டு வருவேன். நீ ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, மீதியைப் பிறகு சாப்பிடுகிறேன் என்பாய். அந்த மீதியை நானோ மலரோ சாப்பிட்டிருப்போம். அடித்துவிட்டேன். மீன் தலைக் கறி என்று எழுதினேன். அது எனக்குப் பிடித்தது. சுகுமாறனுக்குப் போன் போட்டேன். அண்ணி வைக்கிற நண்டு போல உலகத்தில் கிடையாது என்றான். அண்ணிக்கு என்ன பிடிக்கும் என்றுதான் கேட்டேன் என்று திரும்பவும் சொன்னேன், யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை. மலருக்குப் போட்டேன். "அம்மா எல்லாமே சாப்பிடுவாங்கப்பா" என்றாள். அப்புறம் போனிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனை வீட்டு வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு உள்ளிருந்து வரும் உன் குரலைக் கேட்டிருப்பேன். உள்ளே போனதும் அடுப்பைக்கூடப் பார்க்க மாட்டாய், முதலில் கேட்பது அதைத்தான். அவங்களுக்கு என்ன பிடிக்கும்? பந்திங்கில் ஒரு லோரி டிரைவருக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்தாய், அவர் தானே பிரித்துத்தான் சாப்பிடுவாராம். மேருவில் ஒரு நர்ஸுக்கு டுரியான் பழத்துக் கொட்டையை அவித்து வைத்தாய். அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கொட்டையைப் பார்த்ததும் உடைந்து அழுதது எனக்குத் தெருவரை கேட்டது. செத்தவர் எல்லோருக்கும் நீ இருந்தாய்.

கேலி பேச வாய் வரவில்லை. கையெழுத்தைப் பற்றியும் இப்போது பேசவில்லை. எனக்குத் தெரிய வேண்டும், அதற்காகக் கேட்கிறேன். உனக்கு என்ன பிடிக்கும்?

சபாபதி


உலு லங்காட்
3 மே 2024

மலர் அப்பாவுக்கு,

இந்த வாரம் முழுக்க உங்கள் கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டுதான் முற்றம் பெருக்கினேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதத் தினமும் உட்கார்ந்தேன்.

எனக்கும் தெரியவில்லை.

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பாயசம் என்றோ கத்தரிக்காய்ப் பிரட்டல் என்றோ எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். நீங்களே சமைத்துப் பார்ப்பீர்கள். ஆனால் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறந்த வீட்டில் அண்ணன்களுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். உங்களுக்கு மீன் தலை, மலருக்குப் பொரித்த உருளைக்கிழங்கு, சுகுமாறன் தம்பிக்கு நண்டு. கிள்ளானில் செத்துப்போனவர்களில் பாதிப் பேருக்குப் பிடித்தது தெரியும். உப்பு சரியா என்று நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்ப்பேன். அப்போதும் அவர்களுக்கு இது போதுமா என்றுதான் பார்ப்பேன். எனக்குப் போதுமா என்று பார்த்ததில்லை.

போன வருடம் தீபாவளிக்கு முன்னால் பண்டமாரானில் ஒரு வீட்டுக்குப் போனோமே, நீங்கள் வேனில் தூங்கிவிட்டீர்கள். இறந்தவர் பெயர் இராஜம்மா. என் வயதுதான் இருக்கும். வழக்கம்போல அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். புருஷனும் பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்த மகன் சொன்னான், அம்மா எல்லாமே சாப்பிடுவார் என்று. மலர் உங்களிடம் சொன்ன அதே வார்த்தை. நல்ல பிள்ளைகள், அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. நான் பொதுவாகச் செய்வதைச் செய்தேன். இலையில் எடுத்து வைக்கும்போது போட்டோவில் இருந்த அந்த அம்மாவைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. இது யாருக்கு வைக்கிற சோறு என்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பசிக்கிறது, சாப்பாட்டை எடுத்து வை என்றீர்கள். எடுத்து வைத்தேன்.

அதிலிருந்துதான் எனக்குத் தூக்கம் கெட்டது. அதனால்தான் இங்கே வந்தேன். குழாயடியில் நடந்ததற்குத் தாயார் ஒரு பெரிய பெயர் சொல்கிறார். கயிறும் பாம்பும் இங்கே வந்து கற்றுக்கொண்டவை. கனவு என்று உங்களுக்கு எழுதியபோது என் மனதில் இருந்தது இந்தப் பண்டமாரான் வீடுதான். அதை அப்படியே எழுத அப்போது எனக்குத் தைரியம் இல்லை.

வெள்ளம் நிஜம். கஞ்சி நிஜம். நீங்களும் நிஜம், என் மேல் நீங்கள் வைத்த அன்பும் நிஜம். நம் வீட்டில் எல்லோரும் வாழ்ந்தார்கள். நான்தான் அதில் இல்லை. இதை உங்கள் குற்றமாக எழுதவில்லை. நான் என்னை ஒரு தடவை கேட்டிருக்கலாம், எனக்கும் தோன்றவில்லை. நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஞானம் வந்தவளுக்கு வருத்தம் வரலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். வருகிறது.

பிடித்தது பிடிக்காதது இரண்டையும் விடுவதற்குத்தானே காவி, எனக்கு விட என்ன இருக்கிறது என்று தாயாரிடம் கேட்டேன். "மொதல்ல தேடு. கெடச்சா அப்புறம் விடலாம்" என்றார்.

நேற்று மதியம் இங்கே வெண்டைக்காய் போட்டார்கள். இரண்டாம் தடவை வந்தபோது எனக்கு வேண்டாம் என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வெண்டைக்காய் எனக்குப் பிடிக்காது போலிருக்கிறது. இதுவரைக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுவேன் என்று சொன்னதில் மாற்றம் இல்லை.

லோகேஸ்வரி


கிள்ளான்
10 மே 2024

லோகா,

உன் கடிதத்தை ரயிலில் வைத்துப் படித்திருக்கக் கூடாது. எதிரில் இருந்த மலாய்க்காரப் பெண் எழுந்து வந்து டிஷ்யூ கொடுத்தாள். என் வீட்டில் சாவு என்று நினைத்திருப்பாள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை வெண்டைக்காய் வைப்பாய். மலர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கணக்கு நன்றாக வரும் என்று யாரோ சொல்லி ஆரம்பித்தது. அவள் கல்யாணமாகிச் செராஸுக்குப் போன பிறகும் நீ நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எதிரெதிரே உட்கார்ந்து அத்தனை வெண்டைக்காயைச் சாப்பிட்டிருக்கிறோம்.

நான் முடியாது என்று எழுதினால் நீ வந்துவிடுவாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சொன்ன சொல் மாற மாட்டாய். ஒரு பையோடு வந்து இறங்கி, செருப்பைக் கழற்றும்போதே சாப்பிட்டீங்களா என்று கேட்பாய். இத்தனை மாதமாக நான் காத்திருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். இனி நீ அதைக் கேட்டால் எனக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

எனக்கு வலிக்கிறது. மறைத்து எழுத எனக்குத் தெரியாது. நான் ஒருத்தியோடு குடும்பம் நடத்தினேன் என்றிருந்தேன். அவள் அங்கே இருக்கவே இல்லை என்கிறாள். அப்படியென்றால் நான் தனியாக அல்லவா இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். நீ கனவு கண்டாய் என்று இவ்வளவு நாள் உன்னைக் கேலி செய்தேன். கண்டவன் நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

உன் தாயார் சொன்ன தேடுவது, விடுவது எல்லாம் எனக்கு விளங்கவில்லை. காவி கட்டிய பிறகு எதைத் தேடுவாய், யாருக்குச் சொல்வாய் என்றும் தெரியவில்லை. விளங்கிய பிறகுதான் சம்மதிப்பேன் என்றால் உனக்குக் காலம் போய்விடும். அதனால் விளங்காமலே எழுதிக் கொடுக்கிறேன்.

படையல் போட மாட்டேன். எதையோ சமைத்து இலையில் வைத்து, இது லோகாவுக்கு என்று சொல்ல எனக்கு வாய் வராது. விசாகத்துக்கு மலர் வருவாள். நான் வரவில்லை. ஆற்றங்கரையில் நீ உன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விடுவதை நின்று பார்க்க என்னால் ஆகாது.

தாயார் கேட்ட கடிதத்தை இதே தாளில் கீழே எழுதியிருக்கிறேன். இந்த மாதிரிக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்.

மாத்திரையை நானே எடுத்துச் சாப்பிடுகிறேன். அதைப் பற்றி நீ நினைக்க வேண்டாம்.

சபாபதி

நிலையத்துத் தாயார் அவர்களுக்கு வணக்கம்.

கிள்ளானில் குடியிருக்கும் சபாபதி த/பெ கன்னையா எழுதிக் கொடுப்பது. என் மனைவி லோகேஸ்வரி எங்கள் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவள். அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் இன்னும் தெரியாது. அது தெரிகிற வரைக்கும், தெரிந்த பிறகும், அவள் காவி வாங்கி அங்கே இருப்பதில் எனக்கு முழுச் சம்மதம். யாரும் வற்புறுத்தி இதை எழுதவில்லை.

அவள் தட்டில் வெண்டைக்காய் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
சபாபதி